பிஷப்பையாவின் கை வழுக்கிய நாள்

எங்கள் திருமண்டலம் ஆங்கிலிக்கன் சபையாக இருந்த காலத்தில், பாளையங்கோட்டையிலிருந்து பிஷப்பையா எங்கள் பக்கம் வருவது மூன்று வருஷத்துக்கு ஒருமுறை. அவர் தலையில் கைவைத்து ஜெபித்தால்தான் திடப்படுத்தல். அது ஆகாதவனுக்குக் கோயிலில் நற்கருணை அப்பமும் ரசமும் கிடையாது. வயலே கதியென்று கிடந்த எனக்கு அதெல்லாம் பெரிய கவலையாக இருந்ததில்லை. கல்யாணம் நிச்சயமானதும் கவலை வந்துவிட்டது.

பெண்ணின் தகப்பனார் எங்கள் ஊர் உபதேசியார். "கல்யாணத்தன்னைக்கு ரெண்டு பேரும் சேந்து நற்கருணை எடுக்கணும் தம்பி. இந்தத் தடவ திடப்படுத்தல் வாங்கிரும், இல்லன்னா அடுத்த தடவ பிஷப்பையா வார வரைக்கும் பொறுத்துக்கிடும்" என்றார். இருபத்தாறு வயதுக்காரன் இன்னும் மூன்று வருஷம் பொறுப்பானா? எழுத்துக்கூட்டிப் படித்து, ஞானோபதேசக் கேள்வி பதில் முழுவதையும் நெட்டுருப் போட்டேன்.

திடப்படுத்தல் இலஞ்சிப் பக்கத்துக் கோயிலில். விடியும்போதே ஆண்கள் எல்லோரும் வண்டி கட்டிக் குற்றாலத்து ஐந்தருவிக்குக் குளிக்கப் போனோம். யோசனை வண்டிக்கார அண்ணாச்சியுடையது. அவரும் எங்களோடு திடப்படுத்தலுக்கு நின்றவர். "பெரிய மனுசன் கை வைக்கிற தலை வறட்டுத் தலையா இருந்தா நமக்குல்லா கேவலம்!" என்று ஒரு செம்பு நல்லெண்ணெயை எங்கள் தலைகளில் கவிழ்த்தார். அருவி அடித்தால் எண்ணெய் தானே போய்விடும் என்பது கணக்கு. அந்த வருஷம் சாரல் மழை பிந்திவிட்டது. ஐந்தில் ஒன்றுதான் விழுந்தது, அதுவும் நூலாக. முறை வருவதற்குள் நேரமாகிவிட, ஆளுக்கொரு கை தண்ணீரைத் தெளித்துக்கொண்டு ஓடிவந்தோம்.

கோயிலில் இரண்டிரண்டு பேராக முழங்காலிட்டோம். முதல் ஜோடியிலேயே பிஷப்பையாவின் வெள்ளை அங்கியின் கைநுனி மஞ்சளாகிவிட்டது. பக்கத்தில் நின்ற எங்கள் சபைக் குருவானவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. கடைசி ஆள் நான். கை தலையில் வந்து அமர்ந்தது. ஜெபம் பாதி ஆகவில்லை, வழுக்கிக்கொண்டு காதோரம் இறங்கி, தோளில் போய் நின்றது. மீதி ஜெபத்தை என் தோள்தான் வாங்கியது.

வெளியே பந்தி போட்டிருந்தார்கள். கோயிலைவிட்டு இறங்கியதும் உபதேசியார் பிடித்துக்கொண்டார். "பாதி ஜெபத்துல கை இறங்கிட்டுல்லா? அப்போ இந்தத் திடப்படுத்தல் செல்லுமா?"

அவர் மகள், அன்று என்னோடு திடப்படுத்தல் பெற்றவள், முக்காட்டுக்குள்ளிருந்து சொன்னாள்: "கை தலையில இருந்தத நானே பாத்தேம்ப்பா."

"ஜெபத்துல நீ எதுக்குட்டி கண்ணத் திறந்தே?"

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். என் கல்யாணத்துக்கு நாலே நாள். பிஷப்பையாவோ அடுத்த ஊருக்குப் புறப்பட்டு மோட்டாரில் ஏறிக்கொண்டிருந்தார். வண்டிக்கார அண்ணாச்சி என்னைத் தள்ளினார். "ஏலே, நின்னுக்கிட்டிருந்தா பொண்ணு வருமா? ஓடு!"

ஓடிப்போய் மோட்டாரின் முன்னால் நின்றேன். உபதேசியாரும் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். கல்யாண விஷயத்தைச் சொல்லி, சந்தேகத்தை அவர்தான் கேட்டார்.

வெள்ளைக்காரத் துரையான பிஷப்பையாவின் தமிழ் வேதப்புத்தகத் தமிழ். இரண்டு கைகளையும் எங்கள் முன்னால் விரித்துக் காட்டினார். வெயிலில் பளபளவென்று மின்னின.

"ஐயா, மூன்று தரம் கழுவினேன். உம்முடைய மருமகனின் எண்ணெய் இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை. நான் கொடுத்த ஆசீர்வாதம் மாத்திரம் அவனைவிட்டு அத்தனை சீக்கிரமாய்ப் போய்விடுமோ?"

மோட்டார் புழுதி கிளப்பிக்கொண்டு தென்காசி ரோட்டில் திரும்பியது. உபதேசியார் தலைப்பாகையைச் சரிசெய்தார், தொண்டையைக் கனைத்தார். அதுவரை 'தம்பி'யைத் தாண்டாத வாய் முதல்முறையாகச் சொன்னது:

"வாங்க மாப்ள. பந்தியில சோறு ஆறுது."