பள்ளிக்கூடத்துப் பாடு

கோட்டைக்குப்பத்துப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த தருமலிங்க வாத்தியார் கடலோரத்துக்காரர் அல்லர். திருப்பாலைவனத்து நெல்வயலில் வளர்ந்தவர். ஒல்லாந்தர் பழவேற்காட்டுக் கோட்டையில் இருந்து ஆண்ட காலம் அது. பள்ளிக்கு அரிசி அளந்தது கோட்டைதான். பிள்ளைகளின் மதியக் கஞ்சியும் வாத்தியாரின் வயிறும் அதை நம்பித்தான். துரைக்கு மனம் குளிர்ந்தால் மூட்டை வரும், இல்லையென்றால் கையை விரித்துவிடுவார்கள். வருஷா வருஷம் கைகட்டி நின்று மனிதருக்கு வெறுத்தே போயிற்று.

ஒரு தை மாதம் துணிந்து கேட்டுவிட்டார். பிள்ளைகள் கூடிக்கொண்டே போகிறார்கள், பள்ளிக்கு வருகிற அரிசியும் கேட்காமலே ஆண்டுதோறும் கூட வேண்டும் என்றார். துபாஷி தானியேல் அதைத் துரைக்குச் சொல்ல, உத்தரவும் பிறந்தது. அரிசிக்குப் பதிலாகப் பள்ளிக்கு ஏரியில் ஒரு பாடு, வருஷத்துக்கு ஒரு பாடு கூடும். மீனை விற்று அரிசி வாங்கிக்கொள்ள வேண்டியது.

பாடு என்றால் முறை. ஏரியில் மீன் படும் இடங்கள் சிலதான். அங்கே எந்த நாள் எந்த வீட்டார் வலை கட்டுவது என்று குப்பத்தில் குலுக்கிப் போட்டுப் பிரித்துக்கொள்வார்கள். வாத்தியாருக்கு அது கோயிலுக்கு விடும் மானிய நிலம் மாதிரிப் பட்டது. தரிசில் கொஞ்சம் பிரித்துக் கொடுத்தால் யார் குடி முழுகப்போகிறது என்று நினைத்துவிட்டார், பாவம்.

ஏரியில் தரிசு ஏது? பள்ளிக்கு ஒரு முறை கூடினால் ஏதோ ஒரு வீட்டுக்கு ஒரு முறை போயிற்று. படிப்புக்குத்தானே என்று முதலில் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு முறை இழந்த வீட்டுப் பிள்ளைகள் ஒவ்வொருவராக உப்பு சுமக்கப் போனார்கள். பிள்ளைகளுக்குப் படிப்பு கசக்கிறது என்று வாத்தியார் திட்டிக்கொண்டிருந்தார்.

நான்காம் வருஷம் முனியம்மா வந்தாள். புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவள். கொழுந்தன்தான் அவள் முறைக்கு வலை கட்டுவான்.

"புள்ளைய நிறுத்திக்கறேன் வாத்தியாரே. அவனுக்கு நீங்க கஞ்சி ஊத்துவீங்க. ஊட்ல ரெண்டு பொண்ணுங்க கீது, அதுங்களுக்கு யாரு ஊத்துவா?"

"உன் பாடு இன்னாம்மா ஆச்சு?"

"அதான் உங்களுக்கு வந்துடுச்சே."

அப்போதுதான் வாத்தியாருக்கு உறைத்தது. தன்மேலேயே ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. நேரே கோட்டைக்கு ஓடி, இனிமேல் கூட்ட வேண்டாம், கூட்டியதையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்றார்.

தானியேல் சிரித்தான். "கொறைக்கச் சொல்லி இதுவரைக்கும் யாரும் வந்ததில்ல வாத்தியாரே. உத்தரவு போட்ட தொரை கப்பலேறிட்டாரு. உமக்கு வேணாம்னா அந்தப் பாடு கோட்டைக்குச் சேரும். குப்பத்துக்குத் திரும்பாது."

முன்பு முனியம்மா வீட்டு முறையாக இருந்த நாள் வந்தது. பள்ளிக்கு வலை கட்டும் வரதன் வந்து, "கட்டட்டுமா வாத்தியாரே?" என்று கேட்டான். வேண்டாமென்றால் அது கோட்டைக்குப் போய்விடும். கடைசியில், "கட்டுப்பா" என்றார்.

மத்தியானம் அந்த மீனையெல்லாம் கூடையோடு தானே சுமந்துகொண்டு முனியம்மா வாசலில் போய் நின்றார். அவள் கூடையைத் தொடவில்லை.

"இது தருமமா, எம் பாடா?"

வாத்தியார் கூடையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"எம் பாடுன்னா எறக்கி வைங்க. தருமம்னா எடுத்துனு போங்க."

கூடை கனத்தது. இறக்கவும் முடியவில்லை, திரும்பி நடக்கவும் முடியவில்லை. வருகிற தையில் இன்னொரு பாடு கூடும். அது யார் வீட்டுடையது என்பது குலுக்கினால்தான் தெரியும்.