ஜனார்த்தனின் காட்டுப் புத்தகம்

சிவப்பு விளக்கு விழுந்தால் ஜனார்த்தனுக்குக் கதை தொடங்கிவிடும். அவரிடம் கார் ஓட்டப் பழக வந்த பிள்ளை ஸ்ரியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்க, பக்கத்துச் சீற்றிலிருந்து அவர் குரல் வரும்.

"அந்தப் பெட்டையின்ர வள்ளம் கவிண்டுபோச்சு. சுத்திவர ஏரியும் காடும்தான். ஒரு ஈ காக்கை இல்லை. நீரெண்டால் என்ன செய்வீர், மஸீஹா?"

"அங்கிள், லைற் கிறீன்."

"ஓம், ஓம், எடும் பிள்ளை. மிச்சத்தை வாசிச்சுப் பாரும்."

ஸ்காபரோவில் அவரிடம் கார் பழகிய பிள்ளைகளில் இந்தக் கதை வரும் நாவலுக்குத் தப்பியவர் எவருமில்லை. வடக்கே காட்டில் தனியே அகப்பட்ட பெண்ணொருத்தி, மரப்பட்டையால் கூரை போட்டு, சப்பாத்து நாடாவில் மீன் பிடித்து, பனி கொட்ட முன்னர் வெளியே வரப் பார்க்கும் கதை. பழைய புத்தகக் கடைகளில் கண்ட பிரதிகளையெல்லாம் வாங்கி டிக்கியில் அடுக்கி வைத்திருக்கிறார். லைசென்ஸுக்கான றோட் ரெஸ்றில் தவறிக் கலங்கி நின்ற ஸஜீத்துக்கும் ஆறுதலாக அதைத்தான் கொடுத்தார். "உந்தப் புத்தகத்தை வாசிச்சால் ஒண்டுக்கும் பயம் வராது, தம்பி."

இத்தனைக்கும் மனிதர் எந்தக் காட்டுக்குள்ளும் கால் வைத்ததில்லை. குப்பைத்தொட்டியைக் கிண்டும் பூனையளவு றக்கூனைக் கண்டாலே கதவைப் பூட்டிவிடுவார். ஓரிடத்தில் இருப்பும் கொள்ளாது. பெல்ற்றை இழுப்பார், கண்ணாடியைத் திருப்புவார், காற்றைக் கூட்டிக் குறைப்பார். அந்தக் கதை வாயில் வந்தால்தான் கொஞ்சம் அடங்குவார்.

போன கிழமை மகள் கௌசி, பள்ளிக்கூடத்தோடு வடக்கே வள்ளம் வலிக்கப் போவதாகச் சொன்னாள். கூடாரத்தில்தான் படுக்கை. போன் கொண்டுபோகக் கூடாதாம்.

"தேவையில்லை பிள்ளை. அங்க கரடி இருக்கு."

"சீரியஸ்லி, அப்பா? நீங்கள்தானே எனக்கு அந்த புக்கைத் தந்தனீங்கள்?"

"அது கதை."

அடுப்படியிலிருந்து மனைவி யோகமலர் சிரித்தார். "ஊருக்குத்தான் உபதேசமோ?"

ஜனார்த்தன் சரி என்று தலையாட்டினார். ஆனால் வள்ளம் எந்த அத்தியாயத்தில் கவிழ்கிறது, மூட்டிய நெருப்பு எதில் அணைகிறது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். புத்தகமே வாசிக்காத தகப்பன் என்றால் நிம்மதியாகத் தூங்கியிருப்பான். மகள் திரும்பி வராமல் போய்விடுவாளோ என்று இவருக்குப் பயமாக இருந்தது. பழக வந்த பிள்ளைகளுக்கு அந்தக் கிழமை கதையே இல்லை.

வெள்ளிக்கிழமை காலை பள்ளிக்கூட வாசலில் பஸ் நின்றது. கடைசி நேரத்திலாவது மறித்துவிடலாம் என்ற எண்ணத்தோடுதான் மகளைக் கூட்டிக்கொண்டு போனார்.

"கௌசி, நான் சொல்லுறதைக் கொஞ்சம் கேள்..."

அவள் தன் போனை அவருடைய உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டாள். "கவனமா வைச்சிருங்கோ அப்பா. போயிட்டு வாறன்." ஏறிவிட்டாள்.

பஸ் எக்ளிங்டன் வீதியில் திரும்பி மறைந்தது. மற்றத் தகப்பன்மார் கலைந்து போனார்கள். ஜனார்த்தன் நின்ற இடத்திலேயே நின்றார். பிறகு தன் போனை எடுத்து மகளுக்கு அடித்தார். மற்றக் கையில் அவளுடைய போன் அதிர்ந்தது. திரையில் ‘அப்பா’ என்று வந்தது. அது அடித்து ஓயும்வரை இரண்டையும் பிடித்துக்கொண்டு நின்றார்.