ஆயாவுக்குப் படைத்த கருவாடு

ரோஸ் ஹில் டவுனில் மாமா வீட்டில் அன்று நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் குமட்டுகிறது. கருவாடு தின்று வளர்ந்த உடம்பு இது, லேசில் குமட்டாது.

ஆயா என்றால் என் அம்மாவைப் பெற்றவள். அம்மா என்னைப் பெற்ற கொஞ்ச நாளில் காய்ச்சலில் போய்விட்டாள். ஆயாதான் என்னை வளர்த்தாள். பெல் ஒம்ப்ர் கரும்புத் தோட்டத்தில் களை எடுப்பாள், எருக்கூடை சுமப்பாள். தோகை அறுக்காமல் இருக்க முழங்கால் வரைக்கும் கோணிச்சாக்கைச் சுற்றிக் கயிறு கட்டிக்கொண்டு போவாள். மத்தியானத்துக்குச் சோறும், தணலில் சுட்ட கருவாடும், ஒரு பச்சை மிளகாயும். வேறு எதையும் அவள் கேட்டதில்லை. சனிக்கிழமை சாயங்காலம் வேலை விட்டு வந்தால் சின்னக் கிளாஸில் கொஞ்சம் ரம். ஒரே மடக்கு. அது உள்ளே போன பிறகுதான் தட்டில் கை வைப்பாள். இதை மறைத்துப் பேச எனக்கு ஒரு அவசியமும் இல்லை.

தோட்டத்து ஆட்கள் வேலையை நிறுத்தின வருஷம் நான் சிறு பெண். ஆயாவுக்குச் சோறு கொண்டு போனேன். பெண்கள் எல்லாரும் வயல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். வேலை வாங்குகிற சிர்தார் வந்து கத்தினான்.

"ஏய் கிழவி, எழுந்திரு! தொரை வர்றாரு!"

ஆயா சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தாள். "வரட்டும்யா. அவருக்கும் ஒரு துண்டு இருக்கு" என்று கருவாட்டைத் தூக்கிக் காட்டினாள். அத்தனை பெண்களும் சிரித்தார்கள். சிர்தாருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் பல வாரம் ஆயாவுக்கு வேலை தரவில்லை. அதற்காக அவள் யார் காலிலும் விழவில்லை.

இப்படி உழைத்துத்தான் தன் ஒரே மகனை, என் மாமாவை, படிக்க வைத்தாள். மாமா ரோஸ் ஹில்லில் ஆபீஸ் கிளார்க் ஆனார். டவுனில் பெண் எடுத்தார். வருஷத்துக்கு ஒரு தடவை எங்களைப் பார்க்க வருவார். வாசலில் நுழையும்போதே கைக்குட்டை மூக்குக்குப் போய்விடும். அக்கம்பக்கத்தார் பார்த்தால் ஆயா, "என் புள்ளைக்குச் சளி" என்பாள். சாகிற வரைக்கும் அந்தச் சளியை அவள் விட்டுக்கொடுக்கவில்லை.

எங்கள் தீவுக்குச் சுதந்திரம் வருவதற்கு முந்தின வருஷம் ஆயா போய்ச் சேர்ந்தாள். பதினாறாம் நாள் காரியத்தைத் தன் வீட்டில்தான் செய்யவேண்டும் என்றார் மாமா. எங்கள் வழக்கத்தில் செத்தவருக்குப் பிடித்ததை இலையில் வைப்போம். சாம்பிராணி போட்டுக் கதவைச் சாத்துவோம். கொஞ்ச நேரம் ஒருவரும் உள்ளே போகக் கூடாது. அவர்கள் வந்து சாப்பிடுகிற நேரம் அது.

நான் கருவாட்டைச் சுட்டு வாழை இலையில் கட்டி, ஒரு குப்பி ரம்மும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அங்கே போனால் படையல் இலையில் கேக்கும் ஆப்பிளும் டின் பிஸ்கோத்தும்! என் பொட்டலத்தைக் கண்டதும் மாமி முகத்தைச் சுளித்தாள்.

"என்னடி இது, இந்த நாத்தம்! ஆபீஸ்காரங்க எல்லாம் வர்றாங்க. திரைச்சீலையெல்லாம் பிடிச்சுக்கும்."

"மாமி, ஆயா ஆப்பிளைக் கடிச்சே பார்த்ததில்ல. கடைசியில பல்லும் கெடையாது. இது இல்லாம இந்த இலை யாருக்கு?"

மாமா குறுக்கே வந்தார். "சரி, வை. ஓரமா வை."

வைத்தேன். கிளாஸில் ரம்மை ஊற்றினேன். கதவைச் சாத்தி எல்லாரும் முன் அறையில் உட்கார்ந்தோம். படையல் வைத்த அறைக்குச் சமையலறைப் பக்கம் இன்னொரு கதவு உண்டு. மாமி டீ பார்க்க எழுந்து போனாள், திரும்பி வந்தாள்.

கதவைத் திறந்தால் கருவாட்டைக் காணோம். அது இருந்த இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும்.

"ஐயோ, ஆயா வந்துட்டாங்க! சாப்பிட்டுட்டாங்க!" என்றாள் வந்தவர்களில் ஒரு அம்மாள். எல்லாரும் கும்பிட்டார்கள். முதல் வரிசையில் மாமி, கண்ணில் தண்ணீரோடு. பக்கத்தில் நின்றேன். கூப்பிய அந்தக் கையிலிருந்து கருவாட்டு வாசம் வந்தது.

நேரே கொல்லைக்குப் போனேன். குப்பை டின்னில் உருளைக்கிழங்குத் தோலுக்கும் டீத்தூளுக்கும் நடுவே ஆயாவின் கருவாடு கிடந்தது. செத்தவள் சாப்பிடுகிற நேரத்தில் மாமி உள்ளே நுழைந்து இலையிலிருந்து எடுத்திருக்கிறாள்! மாமாவைக் கூட்டி வந்து காட்டினேன். அவர் பதறுவார் என்று நினைத்தேன்.

"எனக்குத் தெரியும். விடு. எல்லாரும் எவ்வளவு சந்தோஷமா இருக்காங்க பாரு."

"ரம் அப்படியே இருக்கே மாமா. உங்க அம்மா எதை முதல்ல எடுப்பாங்கன்னு கூடவா மறந்துபோச்சு?"

அவர் கைக்குட்டையைத் தேடினார். எனக்கு அந்த முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

அந்த வீட்டில் நான் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. அன்றைக்கு மட்டும் இல்லை, அதற்கப்புறமும் இல்லை. மாமியோ, போகிற கல்யாணம், காவடி எல்லாவற்றிலும் அந்த அதிசயத்தைச் சொல்லி முடித்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வாள். நான் எழுந்து போய்விடுவேன்.

காரியத்துக்கு மறுநாள் என் வீட்டில் புதுசாகக் கருவாடு சுட்டு இலை போட்டேன். சாம்பிராணி போட்டு, கதவைச் சாத்தி, குறுக்கே நானே உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டுக்காரி தீப்பெட்டி கேட்டு வந்தாள். "உள்ள ஆயா சாப்பிடறாங்க, அப்புறம் வா" என்று அனுப்பிவிட்டேன். திறந்தபோது வைத்தது வைத்தபடி இருந்தது. இரண்டு எறும்பு மட்டும் ஏறியிருந்தது. அதைத் தட்டிவிட்டு, என் பிள்ளைகளைக் கூப்பிட்டு ஆளுக்கொரு துண்டு பிய்த்துக் கொடுத்தேன்.