இரண்டு புத்தகங்களும் ஒரு கேள்வி நோட்டும்

என் டைரிகளில் சிவப்பு மையால் கட்டம் போட்ட நாட்கள் மொத்தம் நான்கு. இரண்டு, என் பிள்ளைகள் பிறந்த நாட்கள். ஒன்று, நிரந்தர வேலைக்கான உத்தரவு கைக்கு வந்த நாள். நான்காவது, எங்கள் பாலிடெக்னிக்குக்கு ஒரு கம்ப்யூட்டர் புத்தகத்தைத் தேர்ந்து கொடுத்த நாள்.

எண்பதுகளின் நடுப்பகுதி. புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் நெடுஞ்சாலையை ஒட்டியிருந்த அந்தப் பாலிடெக்னிக்கில் நான் நூலக உதவியாளர். நாமக்கல்லிலிருந்து எட்டேகால் பேருந்தில் போய் வருவேன். அந்த ஆண்டுதான் கம்ப்யூட்டர் பிரிவு தொடங்கியிருந்தார்கள். ஆறு இயந்திரங்கள், முப்பத்தாறு மாணவர்கள். விரிவுரையாளர் சேலத்திலிருந்து திங்களும் வியாழனும் மட்டும் வருவார். மற்ற நான்கு நாட்களும் பிள்ளைகள் இயந்திரத்தோடு தனியாகத்தான் மல்லுக்கட்ட வேண்டும். அவர்களுக்குக் கைக்கெட்டிய துணை, ஆய்வகத்தில் வைக்கப்போகும் ஒரே ஒரு புத்தகம்.

அந்தப் புத்தகம் எது என்பதுதான் கேள்வி. சேலத்துக் கடைக்காரர் இரண்டு கையேடுகளை என் மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தார். இரண்டும் பேசிக் என்ற கணினி மொழிக்கானவை. பதினைந்து நாள் வைத்துப் பார்க்கலாம். வேண்டாததை அழுக்குப் படாமல் திருப்பித் தர வேண்டும். ஒன்று அறுநூறு பக்கத்துக்கு மேல், கெட்டி அட்டை, வழவழப்பான தாள். மற்றது நூற்றெண்பது பக்கம், சாம்பல் நிற மெல்லிய அட்டை, பார்த்தால் பஞ்சாங்கம் மாதிரி இருக்கும்.

முதல்வர் திருச்செங்கோட்டுக்காரர். என்னைக் கூப்பிட்டு, "எது ஒசத்தின்னு பாத்து ஒரு பக்கம் எழுதிக் குடுங்க அம்மிணி" என்றார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த விரிவுரையாளருக்கு அது பிடிக்கவில்லை. "கம்ப்யூட்டரத் தொட்டே பாக்காதவங்க அந்தப் புத்தகத்த எப்படி சார் எடை போடுவாங்க? பெரிய புத்தகம்தான் நல்லதுன்னு நான் சொல்லிட்டேனே."

"தொடாதவங்களுக்குத்தானுங்க சார் புஸ்தகமே வேணும்" என்றார் முதல்வர்.

அந்த ஒரு வரியின் பலத்தில்தான் நான் வேலையைத் தொடங்கினேன்.

என் கணவருக்கு நாமக்கல்லில் மக்காச்சோள மண்டி. கோழிப் பண்ணைகளுக்கு மூட்டை மூட்டையாகப் போகும். மூட்டையின் வாயைப் பிரித்துப் பார்த்து அவர் விலை சொல்லமாட்டார். மேலே நல்ல சோளத்தைப் பரப்பி வைப்பது எல்லோரும் அறிந்த வித்தை. குத்தூசி என்று ஒரு கூர்முனை இரும்புக் குழாய் உண்டு. அதை மூட்டையின் வயிற்றில் குத்தினால் நடுவில் கிடக்கும் சோளம் குழாய் வழியாக உள்ளங்கைக்கு வந்து விழும். அதுதான் மூட்டையின் உண்மை. புத்தகத்தையும் அப்படியே பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

கண்ணை மூடிக்கொண்டு மர ஸ்கேலைப் புத்தகத்துக்குள் செருகுவேன். திறந்த பக்கத்தைப் படிப்பேன். விளக்கம் தெளிவா, உதாரணம் உண்டா, அச்சுப்பிழை உண்டா என்று மூன்று பத்திகளில் குறிப்பேன். ஒவ்வொரு புத்தகத்திலும் இருபது இடம். சாப்பாட்டு மேசையில் நான் இதைச் செய்ததைக் கணவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூட்டைல குத்துனா சோளம் வரும். புஸ்தகத்துல குத்துனா என்ன புள்ள வரும், பஞ்சா?"

"சும்மா இருங்க. எண்ணிக்கை தப்பிப் போகுது."

பெரிய புத்தகத்தில் இருபதுக்குப் பதினேழு இடம் தேறியது. சிறியதில் பதினொன்றுதான். விரிவுரையாளர் சொன்னது சரி என்று டைரியில் அறிக்கையை எழுதி, அடியில் கையெழுத்தும் போட்டேன். மறுநாள் காலை தட்டச்சுக்குக் கொடுப்பதாக இருந்தது.

மறுநாள் புதன்கிழமை, விரிவுரையாளர் வராத நாள். ஆய்வகத்தில் கேட்கிறார்கள் என்று பெரிய புத்தகத்தை நானே எடுத்துப்போனேன். ஜலகண்டாபுரத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி, தறிக்காரர் வீட்டுப் பெண், அதை வாங்கிக்கொண்டாள். அவள் திரையில் 'அவுட் ஆஃப் டேட்டா' என்று நின்றிருந்தது. அதற்குமேல் இயந்திரம் அசையவில்லை. அவள் முதல் பக்கத்திலிருந்து புரட்டினாள். பிறகு பின்னாலிருந்து புரட்டினாள். பிறகு நடுவில். ஒரு மணி நேரம் போய் மணியும் அடித்துவிட்டது.

"கெடைக்கலயா?" என்றேன்.

"இதுல எல்லாம் இருக்குதுங்க மேடம். எனக்கு வேணுங்கறது எங்க இருக்குதுன்னுதான் தெரியலீங்க."

பேருந்தில் வீடு திரும்பும்போது அந்தச் சொல் கூடவே வந்தது. மூட்டையில் எந்தச் சோளமும் ஒன்றுதான். கைக்கு வந்தது நன்றாக இருந்தால் போதும். ஆனால் கையேட்டைத் திறப்பவருக்கு ஒரே ஒரு சோளம்தான் வேண்டும், அதுவும் அந்த நிமிடமே. நான் என் விருப்பத்துக்குக் குத்திப் பார்த்திருக்கிறேன். குத்த வேண்டிய இடத்தைச் சொல்ல வேண்டியவர்கள் அந்தப் பிள்ளைகள். அன்றிரவு அறிக்கையின் மேல் குறுக்கே ஒரே ஒரு கோடு போட்டேன். தாளைக் கிழிக்கவில்லை. கிழித்தால் எங்கே தவறினேன் என்பது தெரியாமல் போய்விடும்.

வியாழன் முதல் ஆறு வேலை நாட்கள், நூலகத்தில் கூட்டம் இல்லாத மதிய வேளைகளில் ஆய்வகத்தின் கதவோரம் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். எந்தப் பிள்ளை எந்த இடத்தில் நின்றாலும் அந்தக் கேள்வியை, அது கேட்ட வார்த்தையிலேயே, நோட்டில் எழுதினேன். "மேடம், மிஷினு பேரு கேட்டா இவன் நம்பர் குடுக்கறானுங்க, எழுதிக்கங்க!" என்று ஒருவரையொருவர் காட்டிக்கொடுத்துச் சிரிப்பார்கள். நாற்பத்தொரு கேள்விகள் சேர்ந்தன. பிறகு நூலகத்தில் தனியாக உட்கார்ந்து, ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு புத்தகத்திலும் தேடினேன். சுவர்க் கடிகாரத்தில் இரண்டு நிமிடம். அதற்குள் விடை கிடைத்தால் சரி, இல்லாவிட்டால் இல்லை.

சிறிய புத்தகம் இருபத்தொன்பதுக்கு விடை தந்தது. பெரியது பன்னிரண்டுக்கு. காரணம் எளிது. சிறியதின் கடைசி எட்டுப் பக்கங்களில், திரையில் வரக்கூடிய பிழைச் செய்திகள் எல்லாவற்றையும் அகரவரிசையில் போட்டு, ஒவ்வொன்றுக்கும் நேராக ஏன் வந்தது, என்ன செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். ஆனால் தகவல்களைக் கோப்பில் சேமிப்பது பற்றிய நான்கு கேள்விகளுக்கும் பெரிய புத்தகத்தில்தான் விடை இருந்தது. சிறியதில் ஒன்றுமே இல்லை. அதையும் எழுதினேன்.

பதினான்காம் நாள் முதல்வர் அறையில் அறிக்கையை வைத்தேன். விரிவுரையாளர் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்குத் தேடத் தெரியல. அது புத்தகத்தோட குத்தம் இல்ல."

நியாயமான பேச்சுதான். அறிக்கை அதோடு விழுந்திருக்கும். முதல்வர் என் நோட்டை எடுத்துப் புரட்டி, "அப்ப நீங்களே தேடுங்க சார். ஏழாவது கேள்வி. அவுட் ஆஃப் டேட்டா" என்றார்.

ஏழாவது, ஜலகண்டாபுரத்துப் பெண் புதன்கிழமை நின்றுபோன இடத்தை மறுநாள் மறுபடி சொல்லி எழுதவைத்த கேள்வி.

"இது தெரியாதா? பத்து எண்ணு படின்னு சொல்லிட்டு ஒம்பதுதான் குடுத்திருப்பாங்க. அதான் நின்னுடுது."

"அது உங்க தலைல இருக்குதுங்க. புஸ்தகத்துல எங்க இருக்குது?"

அவர் பெரிய புத்தகத்தைத் திறந்தார். பொருளடக்கத்தைப் பார்த்தார். பின்னால் இருந்த சொல் அட்டவணைக்குப் போனார். அங்கே கட்டளைகளின் பெயர்கள்தான் இருந்தன. பிழைகளின் பெயர்கள் இல்லை. ஒரு பக்கம், இன்னொரு பக்கம் என்று விரலை வைத்துக்கொண்டே போனார். முதல்வர் ஒரு கோப்பில் கையெழுத்துப் போட்டு முடித்து, அடுத்ததை எடுத்தார். நான் கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்க முயன்று பார்த்துக்கொண்டே இருந்தேன். எட்டு நிமிடம் கழித்து, வேறொரு கட்டளையின் கீழே பொடி எழுத்து அடிக்குறிப்பில் விடை அகப்பட்டது.

அவர் அதைச் சொல்லிவிட்டு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. தானாகவே சிறிய புத்தகத்தை இழுத்து, கடைசிப் பக்கங்களுக்குப் போனார். அரை நிமிடம்கூட ஆகவில்லை. மூடி வைத்துவிட்டுச் சிரித்தார்.

"நான் இதோட கடைசிப் பக்கத்துக்குப் போகவே இல்ல மேடம். எனக்குத் தேவைப்படல."

முதல்வர் என் அறிக்கையின் ஓரத்தில் 'சிறியது' என்று எழுதிக் கையெழுத்திட்டார். அன்றைய டைரிப் பக்கத்தில்தான் சிவப்புக் கட்டம் இருக்கிறது.

வீட்டில் சொன்னபோது கணவர், "அப்ப என் குத்தூசி தோத்துப் போச்சா?" என்றார்.

"தோக்கலீங்க. அது சோளத்துக்கு."

இரண்டே ஆண்டில் அந்தச் சாம்பல் புத்தகத்தை மூன்று முறை பைண்டிங் செய்ய வேண்டி வந்தது. முன்பக்கங்கள் ஓரளவு வெள்ளையாகத்தான் இருந்தன. கடைசி எட்டுப் பக்கங்கள் மட்டும் விரல் பட்டுப் பட்டுக் கறுத்துப் போயிருந்தன. அந்தக் கறுப்பை நான் சுத்தம் செய்யவே இல்லை.

மூன்றாம் ஆண்டு ஜூன் மாதம், கல்லூரி திறந்த முதல் திங்கட்கிழமை. விரிவுரையாளர் வேறொரு கணினி மொழிக்கான இரண்டு புதிய புத்தகங்களோடு நூலகத்துக்குள் வந்தார். ஒன்று தடி, ஒன்று மெலிசு. இரண்டையும் என் மேசையில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"மேடம், உங்க கேள்வி நோட்ட எடுங்க. எது நல்லதுன்னு சொல்லுங்க."

"பத்து நாள் பொறுங்க சார்" என்றேன். "இன்னும் யாரும் தப்புப் பண்ணல."