பூட்டுக்காரரின் மடங்கிய விரல்கள்

பூட்டுக்காரர் என்றால் அந்தத் தெரு முழுக்கத் தெரியும். பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே ஒரு பெட்டிக்கடையில் இருபத்தேழு வருடமாகச் சாவி ராவுகிறவர். அரத்தை எடுத்தால் கை நடுங்காது. வாய் மட்டும் ஓயாது.

கழுத்தில் தைராய்டை அறுவை செய்து எடுத்த பத்தாம் நாளே கடையைத் திறந்துவிட்டார். டாக்டர் எழுதிக் கொடுத்த கால்சியம் மாத்திரையை இரண்டு நாளாகத் தொடவேயில்லை. “நாக்குல சுண்ணாம்பு தடவுன மாதிரி இருக்கு. எனக்கென்ன எலும்பா முறிஞ்சிருக்கு?” என்று மனைவியிடம் கேட்டதோடு சரி.

அன்று காலையிலிருந்தே உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வது போலிருந்தது. பத்து மணிக்கு, பாதி ராவிய சாவியோடு வலது கை இறுகிப்போனது. விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. கட்டைவிரல் உள்ளே மடங்கியது. இடது கையால் பிரித்துவிடலாமென்று பார்த்தால் அதுவும் அப்படியே. அவருடைய அண்ணன் பக்கவாதத்தில் படுத்து எழுந்திருக்காமலே போனவர். தனக்கும் அதுதான் என்று பூட்டுக்காரர் கத்தினார். பக்கத்துப் பழக்கடைக்காரர் ஆட்டோ பிடித்தார். வழியில் மனைவியும் ஏறிக்கொண்டாள்.

“ரெண்டு கையும் போச்சுடி. இனிமே நான் எதுக்கு?”

“சும்மா வாங்க. வாய் நல்லாத்தானே இருக்கு!” என்றாள். ஆனால் அவள் முகத்தில் ஈயாடவில்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் ரத்த அழுத்தம் பார்க்கப் பட்டையை இறுக்கியதும் கை இன்னும் முறுக்கிக்கொண்டது. டாக்டரம்மா அதைப் பார்த்தார். கழுத்துத் தையலையும் பார்த்தார்.

“கால்சியம் மாத்திரை போடுறீங்களா?”

மனைவி முந்திக்கொண்டாள். “எலும்புக்குத்தானேன்னு நிறுத்திட்டாரு டாக்டர்.”

“எலும்புக்கு மட்டும் இல்லம்மா. ரத்தத்துல இருக்கிற கொஞ்சூண்டு கால்சியம்தான் நரம்பை அடக்கி வைக்குது. அது குறைஞ்சா நரம்பு தானா துடிக்கும், சதை இறுகிக்கும். அதை அளவா வச்சிருக்கிற குட்டிச் சுரப்பிங்க தைராய்டுக்குப் பின்னாடிதான் இருக்கு. ஆபரேஷன்ல அதுங்க கொஞ்சம் சோர்ந்து போயிருக்கு. பக்கவாதமெல்லாம் இல்ல, பயப்படாதீங்க.”

ரத்தம் எடுத்தார்கள். இதயத் துடிப்பைக் காட்டும் திரையில் ஒரு கண் வைத்தபடி, கால்சியத்தை ஊசி வழியே மெல்ல மெல்ல ஏற்றினார்கள். உடம்பெல்லாம் வெதுவெதுப்பு பரவியது. கால் மணி நேரத்தில் சுண்டுவிரல் அசைந்தது. பிறகு மோதிரவிரல். கட்டைவிரல் வெளியே வந்தபோது, பக்கத்துக் கட்டிலில் ஆள் இருப்பதையும் மறந்து பூட்டுக்காரர் விசும்பி அழுதார்.

“நல்லா அழுங்க,” என்றாள் மனைவி, அந்த விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டபடி. “அழுது முடிச்சுட்டு மாத்திரையைப் போடுங்க.”

இரண்டு நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டு மாதத்தில் சுரப்பிகள் தேறிவிட்டன. கால்சியம் மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்த டாக்டரம்மா, ஒருநாள் இனி வேண்டாம் என்றார். பூட்டுக்காரர் நாற்காலியை விட்டு எழவில்லை.

“நிஜமாவே நிறுத்திடலாமா டாக்டர்?” என்று மூன்று தரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்ட பிறகுதான் எழுந்தார்.