மாலை போடாத கார்த்திகை

அந்த வருஷம் கார்த்திகை பிறந்ததும், மாலை போட மாட்டேன் என்று அப்பா சொல்லிவிட்டார். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தை நினைத்தால் இப்போதும் உடம்பு சூடாகிறது.

பின்னே? ஐயப்பன் மாலை கழுத்தில் இருக்கும்வரை அப்பா குடிக்க மாட்டார். எனக்குத் தெரிந்த ஒரே உத்தரவாதம் அதுதான். மயிலாப்பூரில் எங்கள் சந்தே அவரை அப்போது 'சாமி' என்று கூப்பிடும். மற்ற மாதமெல்லாம் வாசலில் அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே நான் கட்டிலுக்கடியில் போய்விடுவேன்.

குடியை நிறுத்துகிற ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். அங்கே என்ன சொல்லிக் கொடுத்தார்களோ, தினமும் விளக்கு வைத்ததும் சாமி படத்துக்கு முன்னால் கண்ணை மூடி உட்கார்ந்துவிடுவார். அன்றைக்குச் செய்ததையெல்லாம் நினைத்துப் பார்ப்பதாம். பிறகு எழுந்து அம்மாவிடம் போய், "காலைல காபி ஆறிப்போச்சுன்னு எரிஞ்சு வியுந்தேன். என் தப்பு" என்பார். "சரி நவுரு, கொயம்பு தீயுது" என்பாள் அம்மா. இதுதானா வைத்தியம்? கழுத்தில் ஒரு மணிகூட இல்லாமல்?

மாமாவும் என் கட்சி. தி. நகரில் கறுப்பு வேட்டியே வாங்கி வந்துவிட்டார். "போட்டுக்க மாப்ளே, சாமி பாத்துக்கும். நீ இன்னாத்துக்குக் கண்ண மூடிக்கினு கஷ்டப்படறே?" மாலை கழற்றிய அன்றெல்லாம் முதல் பாட்டிலோடு வந்து நிற்பவரும் இவரேதான்.

அப்பா வேட்டியைத் தொடவில்லை. நான் அலமாரியிலிருந்த பழைய மாலையை எடுத்து அவர் மடியில் போட்டேன். "போட்டுக்கோ நைனா. இல்லாங்காட்டி உன்கூடப் பேச மாட்டேன்."

அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "போன வருஷம் மலைக்குப் போய் வந்து இத்தக் கயட்டுனேனே. அன்னிக்கு நான் இன்னா பண்ணேன், சொல்லு."

"கொயந்தையாண்ட கேக்கற கேள்வியா இது?" என்றார் மாமா.

"நீ பாட்டில குடுத்துட்டுப் போய்ட்டே. அவதான் பாத்தா" என்றார் அப்பா.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. எழுந்து நின்று கத்தினேன். அம்மாவின் வளையல் உடைந்து கையைக் கிழித்ததை, மலையிலிருந்து கொண்டுவந்த அரவணைப் பாயசம் டப்பாவோடு சுவரில் சிதறியதை, நான் கட்டிலுக்கடியில் கிடந்ததை, ஒன்று விடாமல். அவர் ஒரு தடவைகூட 'இல்லை' என்று சொல்லவில்லை. எல்லாம் கேட்டுவிட்டு, "மாலை போட்டுக்கினு இருந்த நாளெல்லாம், எப்ப கயட்டலாம்னுதான் பாத்துக்கினு இருந்தேன்" என்றார்.

மாமா வேட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். தை பிறக்கும்வரை நான் அப்பாவோடு பேசவில்லை. ஏமாற்றிவிட்டார் என்றே நினைத்தேன்.

கழுத்தில் மாலை இல்லாத அவர் முகத்துக்கு நேரே நின்று அப்படிக் கத்தினேனே, அப்போது எனக்குக் கொஞ்சம்கூடப் பயமாக இல்லை. அது ஏன் என்று அன்றைக்கு யோசிக்கத் தோன்றவில்லை.