சூட்டில் இறுக்கிய சங்கிலி

மேஸ்திரி மரம் அறுக்கும் மெஷினை அணைத்துவிட்டு, கையுறை போட்ட விரலால் அதன் சங்கிலியை இழுத்துப் பார்த்தது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. அடிப்பக்கம் தொங்கக் கூடாது, இழுத்தால் தடையில்லாமல் ஓட வேண்டும்; அவருக்கு அதுதான் பதம். கரக்பூரில் பிறந்து வளர்ந்த தமிழர். கார்டன் ரீச் ரயில்வே குவார்ட்டர்ஸ் பராமரிப்பில் நான் அவருக்கு மேலதிகாரி. சங்கிலியைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது.

புயலுக்கு மறுநாள் காலை, எங்கள் பிளாக் வாசலில் கிருஷ்ணசூடா, அதாவது குல்மொஹர் மரம், குறுக்கே விழுந்து கிடந்தது. மாடியில் என் மாமியார், டயாலிசிஸ் ஒருநாள் தள்ளிப்போய் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். என் கணவர் அவர் பக்கத்தில் இருந்தார். மரத்துக்கு அந்தப் பக்கம் ஆம்புலன்ஸ் காத்திருந்தது. பாதி அறுத்ததும் சங்கிலி சூடேறித் தொய்ந்துவிட்டது. மேஸ்திரி மெஷினைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இறுக்கிட்டு அறுங்க."

"சூட்டுல இறுக்கக் கூடாது மேடம். ஆறினா சுருங்கித் தகட்டைக் கவ்விக்கும். பத்து நிமிஷம் குடுங்க."

"உங்க அம்மாவா இருந்தா இப்படி உக்காந்திருப்பீங்களா?"

கேட்டேன், அதையும் கேட்டேன். அவர் ஸ்பேனரை எடுத்து இறுக்கினார். ஒரு கிளை விழுந்ததும் அதை இழுத்துப்போட அவரையும் கூப்பிட்டேன். "சங்கிலியைத் தளர்த்திட்டு வரேன்" என்றார். அதற்கும் நான் விடவில்லை. திரும்பி வந்து கிளப்பினால், ஆறிப்போன சங்கிலி அசையவில்லை. மெஷினை இன்னும் வேகமாக முடுக்கச் சொன்னதும் நான்தான். சங்கிலி ஓடும் தகட்டின் நுனியில் இருந்த சின்னச் சக்கரம் போய்விட்டது. மீதி மரத்தைக் கோடாலியால் வெட்ட ஒன்றரை மணி நேரம் பிடித்தது. மாமியார் பிழைத்துக்கொண்டார். ஆனால் அதன்பிறகு அவர் எழுந்து நடக்கவில்லை.

"வேலை தெரியாத ஆளை எல்லாம் ஏன் வச்சிருக்கீங்க?" என்று என் கணவர் எல்லோர் முன்னாலும் கத்தினார். மேஸ்திரி என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"தப்பு என்னுதுதான் சார்."

நான் வாயைத் திறக்கவில்லை. கோழைத்தனம், வேறென்ன. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்றே வருஷங்கள் ஓடின. அவர் ரிட்டயரும் ஆகிவிட்டார்.

போன மாதம் லேக் மார்க்கெட்டில் காய் வாங்கும்போது எதிரே வந்தார். என் கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மேஸ்திரி என்னிடம், "அம்மா எப்படி இருக்காங்க மேடம்?" என்று விசாரித்தார். தலையை மட்டும் ஆட்டினேன்.

நான் எதை எழுதினாலும் முதலில் படிப்பவர் என் கணவர்தான். இதையும் அவர் மூக்குக்கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.